கொன்ட்ரோல் பெனலில் யாரோ விட்டுப்போன ஐக்கன்: கணினிக்குப் புதியவர்களுக்கு

கிளிநொச்சியில் கணினி திருத்துகிற வேலை செய்கிறேன். என் மேசைக்கு வருகிற லப்டொப்களில் புதிதாக வாங்கினது குறைவு. கனடாவில் இருந்து சித்தப்பா அனுப்பினது, கொழும்பில் பாவித்ததை விலை குறைத்து வாங்கினது, ஏதோ ஒரு திட்டம் முடிந்தபோது சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது, இப்படியானவைதான் அதிகம். வன்னியில் பாதிப் பேர் கணினி பழகுவது இன்னொருவர் பாவித்த கணினியில்தான். அதனால் இங்கே அடிக்கடி வருகிற ஒரு கேள்வி: "செட்டிங்ஸுக்குள்ள ஒரு ஐக்கன் கிடக்குது. நாங்கள் போடேல்லை. அழிக்கவும் ஏலாமல் இருக்கு. இது வைரஸோ?"

பெரும்பாலும் வைரஸ் இல்லை. ஆனால் அது என்ன என்று தெரியாமல் பிடுங்கவும் கூடாது. ஏ-9 வீதியில் ஒரு கடை மூடி இரண்டு வருடம் ஆனபிறகும் அதன் பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டிருக்கும். பலகை இருக்கிறது என்பதற்காக உள்ளே கடை இருக்கிறது என்று அர்த்தமில்லை. சில இடங்களில் உள்ளே கடை இன்னும் நடந்துகொண்டும் இருக்கும். கொன்ட்ரோல் பெனலில் இருக்கிற ஐக்கனும் அப்படி ஒரு பலகைதான். அதைக் கழற்றுவதற்கு முன் யார் நட்டது, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான்.

நான் சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுக்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். திரையில் தெரிகிற ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் திரையில் எது என்று விளங்கும்.

முதலில், எங்கே பார்ப்பது

விண்டோஸில் அமைப்புகளுக்கு இரண்டு இடம் இருக்கிறது. பற்சக்கரப் படம் போட்ட செட்டிங்ஸ் ஒன்று. 1985இல் வந்த முதல் விண்டோஸில் இருந்தே தொடர்கிற கொன்ட்ரோல் பெனல் மற்றது. மற்ற மென்பொருள்கள் தங்கள் ஐக்கனைக் கொண்டுவந்து நடுவது பெரும்பாலும் இந்தப் பழைய இடத்தில்தான்.

ஸ்டார்ட்டை அழுத்தி, ஆங்கிலத்தில் "கொன்ட்ரோல்" என்று தட்டுங்கள். கொன்ட்ரோல் பெனல் மேலே வரும். திறந்ததும் வலது மேல் மூலையில் "வியூ பை" என்று ஒரு தெரிவு இருக்கும். அதில் "கட்டகரி" என்று இருந்தால் "ஸ்மோல் ஐக்கன்ஸ்" என்று மாற்றுங்கள். கட்டகரி காட்சியில் பாதி ஐக்கன்கள் உள்ளே ஒளிந்திருக்கும். இதில்தான் எல்லாமே வரிசையாகத் தெரியும்.

இப்போது போனை எடுத்துத் திரையைப் படம் பிடியுங்கள். நான் யாருக்கும் சொல்கிற முதல் வேலை இதுதான். பிறகு எது இருந்தது, எது போனது என்று தடுமாறத் தேவையில்லை. சந்தேகப்படுகிற ஐக்கனின் பெயரை ஓர் எழுத்து விடாமல் கொப்பியில் எழுதுங்கள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 32-பிட் என்று இருந்தால் அதையும் எழுதுங்கள். அது பிறகு உதவும்.

உடனே டபுள் கிளிக் பண்ணிப் பார்க்கவேண்டாம். கொன்ட்ரோல் பெனல் ஐக்கன் பலவற்றுக்குப் பின்னால் சி.பி.எல் என்று முடிகிற ஒரு கோப்பு இருக்கும். அதுவும் ஒரு நிரல்தான். திறந்தால் ஓடும். அண்மையில் இணையத்தில் இருந்து எதையாவது இறக்கினபிறகு தோன்றின ஐக்கன் என்றால், முதலில் விண்டோஸ் செக்கியூரிட்டியில் ஒரு முழு ஸ்கான் ஓடவிடுங்கள். பழைய ஐக்கன் என்றால் அவ்வளவு பயம் இல்லை.

அநாதை மாதிரித் தெரியும், ஆனால் அநாதை இல்லை

கொன்ட்ரோல் பெனலை முதன்முறை முழுதாகப் பார்க்கிறவருக்குப் பாதிப் பெயர்கள் அந்நியமாகத்தான் இருக்கும். சிங்க் சென்டர், வேர்க் ஃபோல்டர்ஸ், ஸ்டோரேஜ் ஸ்பேசஸ், ரிமோட் ஆப், கிரெடென்ஷியல் மேனேஜர், இவை எல்லாம் விண்டோஸுடன் கூடவே வந்தவை. நீங்கள் ஒருநாளும் பாவிக்கமாட்டீர்கள், ஆனாலும் இருக்கட்டும். பிட்லொக்கர் என்பதும் விண்டோஸின் சொந்தப் பிள்ளை. டிஸ்கைப் பூட்டுகிற அமைப்பு அது. விளங்காமல் அதற்குள் போய் எதையும் அழுத்தவேண்டாம்.

ரியல்டெக், இன்டெல் கிராஃபிக்ஸ், என்விடியா என்று இருப்பவை சத்தத்துக்கும் திரைக்கும் உரிய டிரைவர்களோடு, அதாவது அந்தப் பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருள்களோடு, வந்தவை. அவற்றைப் பிடுங்கினால் சத்தம் வராமல் போகலாம், திரை மங்கலாகப் பெருத்துத் தெரியலாம். மெயில் என்று ஓர் ஐக்கன் இருந்தால் அவுட்லுக் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் களவாக வந்தது இல்லை.

இனி உண்மையாகவே கைவிடப்பட்டவை. இவற்றில் முதலிடம், முன்பு இணையத்தளங்களில் வீடியோவும் கேமும் ஓட்டின ஃப்ளாஷ் பிளேயருக்கு. அடோபி 2020 டிசம்பர் 31உடன் அதைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் உள்ளடக்கம் ஓடாமலே தடுத்துவிட்டது. ஆனாலும் நிறையக் கணினிகளில் அந்தச் சிவப்பு ஐக்கன் இன்னும் நிற்கிறது. விண்டோஸோடு வந்த ஃப்ளாஷை எடுப்பதற்கு மைக்ரோசொஃப்டே ஓர் அப்டேட் வெளியிட்டது, அதன் இலக்கம் கே.பி 4577586. அப்டேட் ஒழுங்காக ஓடுகிற கணினியில் அது தானாகவே போயிருக்கும். ஆகவே உங்கள் கணினியில் ஃப்ளாஷ் ஐக்கன் இன்னும் இருந்தால் இரண்டில் ஒன்று: கணினிக்கு நெடுநாளாக அப்டேட் போகவில்லை, அல்லது முன்னைய ஆள் அடோபியின் ஃப்ளாஷைத் தனியாக இன்ஸ்டோல் பண்ணியிருக்கிறார். முதலாவது என்றால் ஐக்கனை விட்டுவிட்டு அப்டேட்டைக் கவனியுங்கள். அதுதான் பெரிய பிரச்சினை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவே 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதையும் மனதில் வையுங்கள்.

வீடியோ பார்க்கிற குவிக்டைமும் இப்படித்தான். விண்டோஸுக்கான குவிக்டைமை அப்பிள் 2016இல் கைவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடப்பதால் கழற்றிவிடுவது நல்லது. ஜாவா என்றால் கொஞ்சம் பொறுங்கள். கணக்குப் பார்க்கிற பழைய மென்பொருள் ஏதாவது அதை நம்பி ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்.

வெளிநாட்டு லப்டொப்பில் வருகிற ஒன்று

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது இங்கே அடிக்கடி நடக்கிறது. துணுக்காயில் இருந்து ஒரு தம்பி லப்டொப் கொண்டுவந்தார். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கிறவர். சித்தப்பா வேலை செய்த இடத்தில் பழைய கணினிகளைக் கழித்தபோது வாங்கி அனுப்பினது. நல்ல கணினி, நல்ல வேகம். கொன்ட்ரோல் பெனலில் மட்டும் "கொன்ஃபிகரேஷன் மேனேஜர்" என்று ஓர் ஐக்கன். புரோகிராம் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

திறந்து பார்த்தேன். மேலே வரிசையாகப் பல தாவல்கள். அதில் "சைட்" என்றதை அழுத்தினால் மூன்று எழுத்தில் ஒரு குறியீடு. அந்த நிறுவனத்தின் தலைமைக் கணினி இந்த லப்டொப்பை நிர்வகித்துக்கொண்டிருந்ததற்கான அடையாளம் அது. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஓர் இடத்தில் இருந்தே மென்பொருள் போடுவதற்கும் எடுப்பதற்கும் பாவிக்கிற மைக்ரோசொஃப்டின் கருவி இது. அதாவது பலகை மட்டும் தொங்கவில்லை, உள்ளே கடையும் நடந்துகொண்டிருந்தது.

இப்படி ஒன்றைக் கண்டால் ஐக்கனை மறைப்பதில் மினக்கெடவேண்டாம். செட்டிங்ஸில் "அக்கவுன்ட்ஸ்" போய், "அக்செஸ் வேர்க் ஓர் ஸ்கூல்" என்பதைத் திறந்து, அங்கே தெரியாத நிறுவனத்தின் கணக்கு ஏதாவது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கருவியை மட்டும் கழற்ற ஒரு வழி இருக்கிறது: சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் "சிசிஎம்செட்டப்" என்ற ஃபோல்டர் இருக்கும். கட்டளைகளைத் தட்டி ஓட்டுகிற கமாண்ட் பிரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அந்த ஃபோல்டருக்குப் போய், அதே பெயருள்ள நிரலுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் "அன்இன்ஸ்டோல்" என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்து ஓட்டினால் அது தன்னையே அகற்றிக்கொள்ளும்.

ஆனால் என் தீர்மானம், இப்படியான கணினியில் விண்டோஸைச் சுத்தமாகப் புதிதாகப் போடுவதுதான் சரி. இன்னொருவருடைய நிர்வாகத்தில் இருந்த கணினியில் உங்கள் வங்கி விபரத்தையும் பிள்ளையின் படங்களையும் வைப்பது நல்லதல்ல. அந்தத் தம்பிக்கும் அதைத்தான் செய்தோம். புதிதாகப் போட்டு முதன்முறை இணையத்தில் இணைக்கும்போது பழைய நிறுவனத்தின் பெயரோடு லொகின் கேட்டால், அந்தக் கணினி அவர்களுடைய பட்டியலில் இருந்து இன்னும் விடுவிக்கப்படவில்லை என்று அர்த்தம். அதை அவர்கள்தான் நீக்கவேண்டும். அனுப்பின சொந்தக்காரரிடம் சொல்லி அந்த நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள். இங்கே யாரிடமும் காசு கொடுத்து அதை உடைக்கப் போகவேண்டாம்.

சொந்தக்காரனைக் கண்டுபிடித்து, முறையாக அனுப்புவது

சாதாரண ஐக்கனுக்கு வருவோம். கொன்ட்ரோல் பெனலிலேயே "புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்" என்று இருக்கும். அதைத் திறந்தால் கணினியில் போட்டிருக்கிற மென்பொருள்களின் பட்டியல். "பப்ளிஷர்" என்ற தலைப்பை ஒருமுறை கிளிக் பண்ணினால் நிறுவன வாரியாக அடுக்கும். "இன்ஸ்டோல்ட் ஓன்" என்றதைக் கிளிக் பண்ணினால் திகதி வாரியாக. ஐக்கனின் பெயரும் மென்பொருளின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. ஐக்கனில் ஸ்கானரின் பெயர் இருக்கும், பட்டியலில் அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும். வடிவாகப் பாருங்கள்.

கண்டுபிடித்துவிட்டால் அதைத் தெரிவுசெய்து அன்இன்ஸ்டோல் கொடுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் பண்ணுங்கள். ஷட்டவுன் பண்ணித் திரும்பப் போடுவது இதற்குப் போதாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி வேலை செய்தால், ஷட்டவுன் பண்ணும்போது கணினி தன் நினைவில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் அணையும். ரீஸ்டார்ட்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். "அன்இன்ஸ்டோல் பண்ணினனான், ஐக்கன் போகேல்லை" என்று வந்தவர்களில் சிலருக்கு நான் செய்தது ரீஸ்டார்ட் மட்டும்தான்.

பட்டியலில் மென்பொருள் இல்லை, ஐக்கன் மட்டும் நிற்கிறது என்றால்? யாரோ அதன் ஃபோல்டரை நேரே டிலீட் பண்ணியிருப்பார்கள், அல்லது அன்இன்ஸ்டோல் நடக்கும்போது கரண்ட் போயிருக்கும். இதற்கு எளிய வைத்தியம், அதே மென்பொருளை அதன் சொந்தத் தளத்தில் இருந்து எடுத்துத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணி, ரீஸ்டார்ட் கொடுத்து, பிறகு முறையாக அன்இன்ஸ்டோல் பண்ணுவது. அழிக்கிறதற்காகத் திரும்பப் போடுவதா என்று ஆட்கள் தயங்குவார்கள். ஆனால் நட்டவனுக்குத்தான் எந்தெந்த இடத்தில் நட்டான் என்று தெரியும். அவனையே கூப்பிட்டுப் பிடுங்கவைப்பது எல்லாவற்றிலும் பத்திரமான வழி. டேட்டா கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்.

கோப்பைத் தேடுதல்

அதுவும் சரிவரவில்லை என்றால் சி.பி.எல் கோப்பைத் தேடலாம். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே "சிஸ்டம்32", "சிஸ்வாவ்64" என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். 64-பிட் விண்டோஸில் இந்தப் பெயர்கள் தலைகீழ்: 32 என்று இருப்பதற்குள் 64-பிட் கோப்புகள், 64 என்று இருப்பதற்குள் 32-பிட் கோப்புகள். முன்பு எழுதிவைத்த பெயரில் 32-பிட் என்று இருந்தால் சிஸ்வாவ்64 ஃபோல்டரைத்தான் பார்க்கவேண்டும்.

ஃபோல்டரைத் திறந்து "டைப்" வாரியாக அடுக்குங்கள். "கொன்ட்ரோல் பெனல் ஐட்டம்" என்று இருப்பவை எல்லாம் ஓரிடத்தில் வரும். சந்தேகமான கோப்பில் ரைட் கிளிக், "புரொப்பர்டீஸ்", பிறகு "டீட்டெய்ல்ஸ்" தாவல். அதில் மென்பொருளின் பெயரும் காப்புரிமை யாருடையது என்பதும் இருக்கும். மைக்ரோசொஃப்ட் என்று இருந்தால் அந்தக் கோப்பை அப்படியே விட்டுவிடுங்கள், அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

வேறு நிறுவனத்தின் பெயர் இருந்து, அந்த மென்பொருள் கணினியில் இல்லை என்பதும் உறுதியானால், டிலீட் பண்ணாமல் ரீநேம் பண்ணுங்கள். கோப்பின் பெயருக்குக் கடைசியில் ஒரு புள்ளி வைத்து "ஓல்ட்" என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும். இதற்கு முன் ஃபைல் எக்ஸ்புளோரரில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்ற தெரிவை இயக்கியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் பெயரின் வால் தெரியாது. கொன்ட்ரோல் பெனலை மூடித் திறந்தால் ஐக்கன் போயிருக்கும். ஒரு கிழமை பாவித்துப் பாருங்கள். ஏதாவது வேலை செய்யாமல் போனால் பழைய பெயரைத் திரும்ப வைக்கலாம்.

ரீநேம் பண்ணும்போது "டிரஸ்டட் இன்ஸ்டோலரிடம்" அனுமதி வேண்டும் என்று செய்தி வந்தால் அங்கேயே நில்லுங்கள். அது விண்டோஸ் தன் சொந்தக் கோப்புக்குப் போட்ட பூட்டு. அந்தப் பூட்டை உடைக்கச் சொல்லித் தருகிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. பின்பற்றவேண்டாம்.

பெயரில்லாத வெள்ளை ஐக்கன்

சில ஐக்கன்களுக்குப் பின்னால் சி.பி.எல் கோப்பு இருக்காது. ரெஜிஸ்ட்ரி என்கிற விண்டோஸின் பதிவேட்டில் ஒரு வரி மட்டும் இருக்கும். மென்பொருள் போய், அந்த வரி மிஞ்சினால், வெறும் வெள்ளைத்தாள் மாதிரி ஓர் ஐக்கன் தெரியும். பெயரும் இருக்காது, படமும் இருக்காது.

விசுவமடுப் பக்கத்தில் ஒரு மாதர் சங்கத்தின் கணினியில் இப்படி ஒன்று இருந்தது. கணக்கு வைக்கிற அக்கா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸ் அதற்குக் கிட்டப் போகிற ஒவ்வொரு முறையும், "தம்பி, உதை அழிச்சால் கணக்கெல்லாம் போயிடுமோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி அது. ஐந்து வருடக் கடன் கணக்கு அந்தக் கணினிக்குள் இருந்தது. ஆகவே முதலில் பென் டிரைவில் கணக்கு முழுவதையும் கொப்பி பண்ணி அவர் கையில் கொடுத்தேன். நீங்களும் ரெஜிஸ்ட்ரியைத் திறக்கும் முன் மூன்று வேலை செய்யவேண்டும். முக்கிய கோப்புகளை வெளியே எடுப்பது ஒன்று. லப்டொப் என்றால் சார்ஜ் நிறைந்திருக்கவேண்டும், மேசைக் கணினி என்றால் யு.பி.எஸ் வேண்டும். கார்த்திகை மாரியில் மின்னல் ஒன்று வெட்டினாலே கரண்ட் போகிற ஊர் நம்முடையது, அந்த நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல். மூன்றாவது ரெஸ்டோர் பொயின்ட், அதாவது பிழைத்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவுகிற சேமிப்பு: ஸ்டார்ட்டில் ஆங்கிலத்தில் "ரெஸ்டோர்" என்று தட்டி, "கிரியேட் எ ரெஸ்டோர் பொயின்ட்" என்றதைத் திறந்து, சி டிரைவுக்குப் பாதுகாப்பு "ஓஃப்" என்று இருந்தால் "கொன்ஃபிகர்" போய் இயக்கி, பிறகு "கிரியேட்" கொடுங்கள்.

சரி, இனி ஸ்டார்ட்டில் "ரெஜிஸ்ட்ரி எடிட்டர்" என்று தட்டித் திறக்கலாம். இடது பக்கத்தில் மரம் மாதிரிக் கிளைகள் இருக்கும். ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு போங்கள்: எச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சொஃப்ட்வெயர், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், கரன்ட்வேர்ஷன், எக்ஸ்புளோரர், கொன்ட்ரோல்பெனல், கடைசியில் நேம்ஸ்பேஸ். அதை விரித்தால் நெளிவு அடைப்புக்குள் நீளமான இலக்கமும் எழுத்தும் கலந்த பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் ஓர் ஐக்கன். ஒன்றைக் கிளிக் பண்ணினால் வலது பக்கம் "டிஃபோல்ட்" என்ற வரியில் அது யாருடையது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

அக்காவின் கணினியில் ஒவ்வொன்றாகக் கிளிக் பண்ணிக்கொண்டு வந்தோம். பாதி தாண்டினபிறகு ஒன்றில் ஒரு ஸ்கானரின் பெயர். அக்கா உடனே பிடித்துக்கொண்டார்: "ஓம், உது முந்தி இருந்தது. பழுதாப் போய் எறிஞ்சிட்டம்." யார் நட்டது என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. கணினியை நாளும் பாவிக்கிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது இதற்காகத்தான். கணினிக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

அழிக்கும் முன் அந்த ஒரு கிளையில் ரைட் கிளிக் பண்ணி "எக்ஸ்போர்ட்" கொடுத்து, டெஸ்க்டொப்பில் ஒரு பெயரில் சேமியுங்கள். பிறகு திரும்பவும் ரைட் கிளிக், "டிலீட்". கொன்ட்ரோல் பெனலை மூடித் திறந்து பாருங்கள். ஏதாவது பிழையாகிப்போனால், சேமித்த கோப்பை டபுள் கிளிக் பண்ணி "யெஸ்" கொடுத்தால் அழித்தது திரும்ப வந்துவிடும்.

அந்த இடத்தில் கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு இடம் பார்க்கலாம். எச்கீ கரன்ட் யூசருக்குள் இதே பாதை ஒன்று. எச்கீ லோக்கல் மெஷினில் சொஃப்ட்வெயருக்குக் கீழே "வாவ்6432நோட்" என்ற கிளைக்குள் இதே பாதை மற்றது. 32-பிட் மென்பொருள்கள் அங்கே பதிந்திருக்கும்.

எந்தக் கிளையை அழிக்கிறீர்கள் என்பதை இரண்டு தரம் பாருங்கள். வேலை பழகின காலத்தில் நான் நேம்ஸ்பேஸுக்குள் இருந்த ஒன்றை அழிக்கப் போய், நேம்ஸ்பேஸையே தெரிவுசெய்து டிலீட் அடித்துவிட்டேன். கொன்ட்ரோல் பெனலைத் திறந்தால் ஐக்கன்கள் பாதிக்கு மேல் இல்லை. எக்ஸ்போர்ட்டும் எடுக்கவில்லை, ரெஸ்டோர் பொயின்ட்டும் இல்லை. அதே வேர்ஷன் விண்டோஸ் உள்ள இன்னொரு கணினியைத் தேடிப்பிடித்து, அதில் இருந்து அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் பண்ணிக் கொண்டுவந்து சேர்க்கும்வரை அந்த வாடிக்கையாளருக்குக் கணினியைத் திருப்பிக் கொடுக்கமுடியவில்லை. அன்றில் இருந்து எக்ஸ்போர்ட் எடுக்காமல் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியையும் தொடுவதில்லை.

அழிக்காமல் மறைக்க

பலர் பாவிக்கிற கணினி, பிள்ளைகள் தொடக்கூடாத ஐக்கன் என்று இருந்தால் அழிக்கத் தேவையில்லை, மறைத்தால் போதும். விண்டோஸ் புரோ என்றால் "எடிட் குரூப் பொலிசி" திறந்து, யூசர் கொன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், கொன்ட்ரோல் பெனல் என்று போனால் "ஹைட் ஸ்பெசிஃபைட் கொன்ட்ரோல் பெனல் ஐட்டம்ஸ்" என்று இருக்கும். இயக்கி, ஐக்கனின் "கெனோனிக்கல் நேம்" என்கிற உள்பெயரை (மவுஸுக்கு "மைக்ரோசொஃப்ட்.மவுஸ்" மாதிரி) ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை.

கிளீனர் என்று இறக்கவேண்டாம்

"ரெஜிஸ்ட்ரி கிளீனர்" என்று இலவசமாக வருகிற மென்பொருள்களை இந்த வேலைக்குப் பாவிக்கவேண்டாம். ஒரு கிளிக்கில் நூற்றுக்கணக்கான வரிகளை அழிக்கும். எதை அழித்தது, ஏன் அழித்தது என்று உங்களால் சொல்லமுடியாது. அப்படியான கருவிகளைத் தாங்கள் ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசொஃப்டே சொல்லியிருக்கிறது. பலது தன்னோடு இன்னும் இரண்டு மென்பொருளைக் கூட்டிக்கொண்டும் வரும். ஓர் ஐக்கனை எடுக்கப் போய் மூன்று ஐக்கனோடு நிற்பீர்கள்.

இதே மாதிரி இன்னும் இரண்டு

பிரிண்டர் பட்டியலில் நெடுநாள் முன்பு போன பிரிண்டர் ஒன்று மங்கலாக நின்று, "ரிமூவ்" பண்ணினாலும் திரும்ப வந்தால், அதன் டிரைவர் உள்ளே இருக்கிறது. அதைத் திரும்ப ஒருமுறை பட்டியலில் இருந்து எடுத்து, உடனே பிரிண்டர் பட்டியலுக்குள் "பிரிண்ட் சேர்வர் புரொப்பர்டீஸ்" திறந்து, "டிரைவர்ஸ்" தாவலில் அந்தப் பெயரையும் நீக்குங்கள்.

மற்றது தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு வருவது. கீழே மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் மொழி மாற்றுகிற இடத்தில், நீங்கள் சேர்க்காத ஒரு கீபோர்ட் நிற்கும், செட்டிங்ஸில் தேடினால் அது இருக்காது. தமிழுக்கு மாற்ற ஒருமுறை அழுத்தவேண்டிய இடத்தில் இரண்டு முறை அழுத்தவேண்டி வரும். கடிதம் அடிக்கிறவருக்கு நாள் முழுக்க எரிச்சல். செட்டிங்ஸில் "டைம் அண்ட் லாங்குவேஜ்" போய், அந்தக் கீபோர்ட்டை நீங்களே ஒருமுறை சேர்த்து, உடனே நீக்குங்கள். பெரும்பாலும் அதோடு போய்விடும். ஐக்கனுக்குச் சொன்ன அதே வைத்தியம்தான்.

இவ்வளவும் செய்து பார்த்தும் சரிவராமல் கணினியை ஒரு கடைக்குக் கொண்டுபோனால், முதலில் பிடித்த படத்தையும், ஐக்கனின் பெயர் எழுதின கொப்பியையும், ரெஜிஸ்ட்ரியில் தொட்டிருந்தால் எக்ஸ்போர்ட் பண்ணின கோப்பையும் கூடக் கொண்டுபோங்கள். எதை ரீநேம் பண்ணினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவை கையில் இருந்தால், நீங்கள் பார்த்து முடித்த இடத்தில் இருந்தே நாங்கள் தொடங்கலாம்.